ஒப்பனையும் வர்க்கமும்: 'ஃபெம்' அடையாளம் பற்றிய ஒரு நோக்கு

ஒருவர் உடுக்கும் உடையும் அணியும் அணிகலனும் அவரது தனிப்பட்ட விருப்பத்தின் வெளிப்பாடுகள் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. ஆயின், எந்த வெளிப்பாடும் சமூக உறவுகளுக்குப் புறம்பே நின்று பொருள்தருவதில்லை. பெண்களைக் காதலிக்கும் பெண்களுள், பெண்மைக்குரியனவென மரபு வகுத்த கோலங்களை விரும்பியேற்றுத் தமதாக்கிக்கொண்டோர் 'ஃபெம்' எனவும், ஆண்மைக்குரிய கோலத்தை மேற்கொண்டோர் 'புட்ச்' எனவும் வழங்கப்பட்டனர். இவர்களுள் ஃபெம் பெண்ணை முற்போக்குச் சிந்தனை நெடுங்காலமாக ஐயத்துடன் நோக்கி வந்துள்ளது. அவ்வையம் தகுமா என்பதை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

முதலில் வரலாற்றுத் தளத்தை நோக்குவோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இரண்டாம் உலக யுத்தத்தையடுத்த தசாப்தங்களில், தொழிலாளர் வர்க்கத்தைச் சேர்ந்த இப்பெண்கள் ஒன்றுகூடிய பிரதான களம் மதுச்சாலையாகவே இருந்தது. கைத்தொழில் நகரான பஃபலோவில் நிலவிய இவ்வாழ்க்கையை வாய்மொழிச் சான்றுகள் கொண்டு எலிசபெத் லபோவ்ஸ்கி கெனடியும் மடலின் டேவிசும் 1993இல் வெளிவந்த தமது நூலில் விரிவாகப் பதிவுசெய்துள்ளனர். நியூயோர்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியிலிருந்த 'சீ கொலனி' மதுச்சாலையில், கழிவறைக்கு ஒருவர் பின் ஒருவராகவே செல்ல வேண்டும் என்ற விதி இருந்ததையும், வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் கழிவறைத்தாள் அளந்து கொடுக்கப்பட்டதையும் ஜோன் நெஸில் எழுதியுள்ளார். அதிகாரம் உடலை எத்துணை நுணுக்கமாகக் கண்காணித்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்பெண்கள் எதிர்கொண்டது பொலிஸ் அதிகாரத்தை மட்டுமன்று. 1955இல் சன் பிரான்சிஸ்கோவில் தோன்றிய 'டோட்டர்ஸ் ஒஃப் பிலைற்றிஸ்' என்னும் தன்பாலீர்ப்புப் பெண்களின் அமைப்பு, சமூகம் ஏற்கும் நடையுடையை மேற்கொள்ளுமாறு தன்னைச் சார்ந்தோரை வேண்டியது. இங்கு தொழிற்படுவது மத்தியதர வர்க்கத்தின் கண்ணியக் கோட்பாடே. 1970களின் பெண்ணிலைவாதிகள் பலர் வேறொரு குற்றச்சாட்டை முன்வைத்தனர். புட்ச்-ஃபெம் உறவு ஆண்-பெண் உறவின் போலி என்றும், ஃபெம் பெண்ணின் ஒப்பனை ஆணாதிக்கத்துக்குப் பணிந்து போவது என்றும் அவர்கள் கூறினர். நோக்கத்தில் இவை வேறுபட்டவை. ஆயினும், தொழிலாளப் பெண்ணின் கோலத்தைத் திருத்தப்பட வேண்டியதொன்றாகக் கண்டதில் இரண்டும் ஒன்றுபட்டன.

இதற்கு மறுமொழியாக 1981இல் நெஸில் எழுதிய கட்டுரை ஒரு திருப்புமுனை எனலாம். ஆடைத் தொழிற்றுறையில் கணக்கெழுதிய தாயின் உழைப்பில் வளர்ந்த அவர், தாமும் ஒரு ஃபெம். 1974இல் நியூயோர்க்கில் தன்பாலீர்ப்புப் பெண்களின் வரலாற்று ஆவணக் காப்பகத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். ஐம்பதுகளின் அந்த உறவுகள் போலியல்ல. தமக்கெனத் தனிக் குறிகளைக் கொண்டதும் துணிவு மிக்கதுமான காதல் மரபு என்பதே அவரது வாதம்.

இவ்வாதத்தை நாம் மேலும் ஒருபடி கொண்டுசெல்லலாம். தனித்து வீதியில் நடக்கும் ஃபெம் பெண் 'சாதாரண' பெண்ணாகவே கொள்ளப்படுகிறாள். தன் புட்ச் துணையுடன் கைகோத்து நடக்கும்போதோ அதே உதட்டுச்சாயம் சவாலாகிவிடுகிறது. அப்பொருள் மாறவில்லை, அது இடம்பெறும் உறவே மாறியுள்ளது. ஆணின் பார்வைக்கென விளம்பரப்படுத்தப்பட்ட பண்டமொன்றை அவள் வேறொரு பார்வைக்கெனப் பயன்படுத்துகிறாள். குறியை உறவிலிருந்து பிரித்தெடுத்து மதிப்பிட்டமையே முன்னைய விமர்சனத்தின் தவறு. இயங்கியலை வற்புறுத்தும் நாமும் இத்தவறுக்கு விலக்கானவர்களல்லர்.

இத்தகைய வாழ்க்கைக்குக் கொடுக்கப்பட்ட விலையும் சிறிதன்று. கவிஞர் மினி புறூஸ் பிராட் தன்பாலீர்ப்பை வெளிப்படையாக ஏற்றமையால் 1970களில் தம் இரு புதல்வர்களையும் வளர்க்கும் உரிமையை இழந்தார். அவ்விழப்பைப் பாடும் தம் தொகுதிக்கு, தம்மைக் குற்றவாளியாக்கிய சட்டத்தின் பெயரையே தலைப்பாக இட்டார். அவரது வாழ்க்கைத்துணைவர், பொதுவுடைமைப் போராளியும் நாவலாசிரியருமான லெஸ்லி ஃபைன்பேர்க் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஃபெம் அடையாளமும் வர்க்க அரசியலும் அவ்வில்லத்தில் ஒன்றையொன்று விலக்கவில்லை.

எனினும், மிகைப்படுத்தலும் ஆகாது. கோலம் தானாகவே புரட்சியாகிவிடாது. முதலாளித்துவச் சந்தை எதிர்ப்பின் குறிகளையும் விற்பனைக்குரியனவாக்கும் ஆற்றல் வாய்ந்தது. உதட்டுச்சாயத்தை உற்பத்தி செய்பவளின் கூலி, அதை அணிபவளின் விடுதலையால் உயர்வதில்லை. ஆனால், இவ்வுண்மையைக் காட்டி அணிபவளின் வாய்மொழியைக் கேளாதிருப்பது மார்க்சியமாகாது, அது வறட்டுவாதமே. தொழிலாளப் பெண்ணைப் பற்றிப் பேசும் திறனாய்வு, அவள் கண்ணாடி முன் நிற்கும் கணத்தையும் வரலாறாகக் கொள்ளக் கற்றல் வேண்டும்.