ஆண்டுக்கு 5 செ.மீ. நகரும் ஸ்ரீரங்கம்... அண்டார்டிகா பாறையில் ஊன்றிய ஜி.பி.எஸ். சொல்லும் கணக்கு!

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றபடி போனில் மேப்பைத் திறந்து பாருங்கள். நீங்கள் அசையாமல் நின்றாலும் அந்த நீலப் புள்ளி லேசாகத் தள்ளாடும். ஒரு நொடி டீக்கடை வாசலில் இருக்கும், அடுத்த நொடி நடு ரோட்டுக்குப் போய்விடும். 'ஜி.பி.எஸ். சரியில்லை' என்று திட்டிக்கொண்டே 1-ம் நம்பர் பஸ்ஸில் ஏறிவிடுவோம்.

ஆனால், நாம் அசையாமல் நிற்கிறோம் என்பதும் முழு உண்மையில்லை. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. நம் விரல் நகம் வளர்வதைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். 236 அடி உயர ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1987 மார்ச் மாதம். அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கோபுரம் கொள்ளிடம் பக்கமாக ஏறக்குறைய 2 மீட்டர் நகர்ந்திருக்கிறது. ஓர் ஆள் உயரத்தைவிட அதிகம்!

கோபுரம் மட்டுமா? அம்மா மண்டபம், காவிரிப் பாலம், மலைக்கோட்டை, சத்திரத்து டீக்கடை எல்லாமே சேர்ந்து நகர்வதால் யாருக்கும் தெரிவதில்லை. ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் ஜன்னலை மூடிவிட்டுப் படுத்தால் எதிர் பெர்த்காரர் எப்போதும் அதே இடத்தில்தானே இருப்பார்? வண்டி ஓடுகிறதா என்று தெரிய வேண்டுமென்றால் வெளியே பார்க்க வேண்டும். பூமிக்கு அந்த ஜன்னலாக இருப்பவை, 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள்.

அதே ஜி.பி.எஸ்.தான், போனில் சில மீட்டர் தவறும்போது விஞ்ஞானிகளுக்கு மட்டும் மில்லிமீட்டர் கணக்கு எப்படிக் கிடைக்கிறது? செயற்கைக்கோள் அனுப்பும் செய்தியைப் படிப்பதோடு அவர்கள் நிற்பதில்லை. அந்தச் செய்தியைச் சுமந்து வரும் ரேடியோ அலையையே அளக்கிறார்கள். ஓர் அலையின் நீளம் சுமார் 19 செ.மீ.; அதில் ஒரு சிறு பகுதியைக்கூடப் பிரித்தறியும் கருவிகள் இருக்கின்றன. இரண்டு அலைவரிசைகளை ஒப்பிட்டு, வளிமண்டலம் செய்யும் குளறுபடியைக் கழிக்கிறார்கள். பிறகு முக்கியமான வேலை, காத்திருப்பது. 24 மணி நேரப் பதிவு ஒரு புள்ளி. அப்படி ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஆண்டுக்கணக்கில் அடுக்கினால் நகர்வு ஒரு நேர்கோடாகத் தெரியும்.

நிலத்தை அளப்பது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. டெல்டா சமவெளியில் குன்றுகள் கிடையாது என்பதால், வில்லியம் லாம்டன் கோயில் கோபுரங்களையே அளவைப் புள்ளிகளாக வைத்துக்கொண்டார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் அசரவில்லை, தன் கையாலேயே அதைச் சரிசெய்து வேலையைத் தொடர்ந்தார்.

பனிக்கு மேலே கட்டிய வீடு

இப்போது திருச்சியிலிருந்து சுமார் 10,000 கி.மீ. தள்ளி, அண்டார்டிகாவுக்குப் போவோம். இந்தியாவின் முதல் நிலையமான தட்சிண் கங்கோத்ரி 1983-84-ல் பனி அடுக்கின் மேல் கட்டப்பட்டது. பனி அதை மெள்ள மெள்ள மூடிவிட, 1990-ல் கைவிட வேண்டியதாயிற்று. அடுத்த நிலையமான மைத்ரியை 1989-ல் ஷிர்மாகர் பகுதியில், பனி படியாத பாறையின் மேல் கட்டினார்கள்.

நிலத்தின் நகர்வை அளப்பவர்களுக்கு இந்தப் பாறைதான் உயிர். உள்ளூர் உதாரணம் சொன்னால் எளிதில் புரியும். ஸ்ரீரங்கம் தீவு காவிரி கொண்டுவந்து சேர்த்த மண். அங்கே கருவியை வைத்தால், நிலத்தடி நீர் ஏறி இறங்குவதும் சேர்ந்தே பதிவாகும். மலைக்கோட்டைப் பாறையில் துளை போட்டு இரும்புக் கம்பியை இறக்கி, அதன் மேல் வைத்தால் நிலத்தட்டின் நகர்வு சுத்தமாகக் கிடைக்கும். துருவத்தில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். உறைந்த மண் கோடையில் இளகி, குளிர்காலத்தில் உப்பும். அதில் நட்ட தூண் தானாகவே மேலே எழும்பிவிடும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், 1997-ல் மைத்ரியில் நிரந்தர ஜி.பி.எஸ். நிலையம் அமைத்தது. அந்த நிறுவனத்தின் இ.சி.மலைமணியும் குழுவினரும் மைத்ரி, ஹைதராபாத் உள்ளிட்ட நிலையங்களுக்கு இடையிலான தூரம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று கணக்கிட்டார்கள். இந்தியாவும் அண்டார்டிகாவும் ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் விலகிக்கொண்டே போகின்றன. இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? இந்தியா வடக்கே தள்ளும் தள்ளலில் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. இமயமலைக்கு அடியில் அழுத்தமாகச் சேர்கிறது. அது வெளிப்படும் நாளைத்தான் நிலநடுக்கம் என்கிறோம்.

பாறை இப்படி என்றால், பக்கத்தில் இருக்கும் பனி? அதை அளந்தது நவி மும்பையில் உள்ள இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம். பி.எஸ்.சுனில், சி.டி.ரெட்டி, எம்.பொன்ராஜ் உள்ளிட்டோர் 2003, 2004 கோடைகளில் ஷிர்மாகர் பனியாற்றின் மேல் 21 இடங்களில் ஜி.பி.எஸ். வைத்தார்கள். அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தபோது புள்ளிகள் இடம் மாறியிருந்தன. மெதுவானது 1.89 மீட்டர், வேகமானது 10.88 மீட்டர், சராசரி 6.21 மீட்டர். அதாவது நாளுக்கு ஒன்றே முக்கால் செ.மீ. அளவுக்கு அந்தப் பனி கடல் திசையில் வழிகிறது. பார்த்தால் கல் மாதிரி உறைந்து கிடக்கும். உண்மையில் அதுவும் ஓர் ஆறுதான்.

துருவத்தில் வானமும் முழுதாக ஒத்துழைக்காது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 55 டிகிரி சாய்ந்தது. திருச்சியில் அவை தலைக்கு மேலேயே வந்து போகும். துருவத்தில் நின்றால் பாதி வானத்துக்கு மேல் ஏறவே ஏறாது. இதனால் உயரக் கணக்கில் பிழை கூடும். துருவ ஒளி தோன்றும் இரவுகளில் சிக்னலும் கலங்கும். மாதக்கணக்கில் சூரியன் வராதபோது சோலார் பேனலால் பயனில்லை. பேட்டரியையும் காற்றாலையையும் நம்பித்தான் கருவி ஓட வேண்டும்.

எழும்பும் நிலம், ஏறும் கடல்

அந்த உயரக் கணக்கில்தான் நம் கடற்கரையின் விஷயம் இருக்கிறது. கிலோமீட்டர் கணக்கில் தடிமனான பனி ஏறி உட்கார்ந்தால் அடியில் உள்ள நிலம் அமுங்கும். பனி கரைந்தால், ஆள் எழுந்த மெத்தை மாதிரி மெள்ள மேலே வரும். மேற்கு அண்டார்டிகாவின் அமுண்ட்சென் கடல் பகுதியில் ஓரிடத்தில் பாறை ஆண்டுக்கு 41 மி.மீ. எழும்புவதை ஜி.பி.எஸ். காட்டியது. 2018-ல் வெளியான இந்தத் தகவல் விஞ்ஞானிகளையே ஆச்சர்யப்படுத்தியது.

அண்டார்டிகா எவ்வளவு பனியை இழக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி, அதன் ஈர்ப்பு விசை மாறுவதை விண்ணிலிருந்து அளப்பது. ஆனால், பனி குறையும் அதே நேரத்தில் அடியில் பாறைக்குழம்பு வந்து சேர்ந்து நிலத்தைத் தூக்குகிறதே? காந்தி மார்க்கெட்டில் எண்ணெய் வாங்கினால் முதலில் காலி டின்னை எடைபோட்டுக் கழிப்பார்களே, அப்படி இதையும் கழித்தாக வேண்டும். கழிக்கும் அளவைச் சரிபார்க்க உதவுவது, பாறையில் ஊன்றிய அந்த ஜி.பி.எஸ். கருவிகள்.

அண்டார்டிகாவின் பனி மொத்தமும் கரைந்தால் உலகக் கடல்மட்டம் சுமார் 58 மீட்டர் உயரும். நம் காலத்தில் அப்படி நடக்கும் என்று எந்த விஞ்ஞானியும் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம். ஆனால், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் மீட்டர் தேவையில்லை, சென்டிமீட்டரே போதும். பனி குறைந்தால் அண்டார்டிகா தன்னைச் சுற்றியுள்ள கடலை இழுத்துப்பிடிக்கும் ஈர்ப்பும் குறையும். அங்கே கடல் இறங்கும்; விடுபட்ட நீர் தொலைதூரக் கடற்கரைகளில் கூடுதலாக ஏறும். முக்கொம்பில் பிரிந்து கல்லணையைத் தாண்டி வயல்களுக்குப் போகும் காவிரி கடைசியில் சந்திப்பது அந்தக் கடலைத்தான்.

இந்தக் காவிரிப் படுகை உருவான கதையிலும் அண்டார்டிகா இருக்கிறது. கோண்ட்வானா என்ற பெருங்கண்டத்தில் இந்தியாவும் கிழக்கு அண்டார்டிகாவும் ஒட்டிக்கொண்டிருந்தன. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை பிரிந்த காலத்தில், விரிசல் விட்டுத் தாழ்ந்த நிலத்தில் கடல் புகுந்து, வண்டல் படிந்து உருவானதே இந்தப் படுகை. பிறகு வடக்கே ஓடிய இந்தியா, ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 செ.மீ.க்கும் அதிக வேகத்தில் போனது. இப்போதைய 5 செ.மீ. அதன் மிச்ச ஓட்டம்.

அந்தக் கடல் உள்ளே வந்து போனதற்குச் சாட்சி, ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்க்கும் தூரத்திலேயே இருக்கிறது. பழைய திருச்சி மாவட்டத்தின் காரை, ஊட்டத்தூர், அரியலூர் பகுதிகளில் ஓடைக்கரையிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும், கடற்சிப்பிகளும் சுருள் வடிவ அம்மோனைட்டுகளும் இன்றும் மண்ணிலிருந்து தலைநீட்டிக்கொண்டிருக்கின்றன.