கணையம் இருக்காண்ணே?

வேளாங்கண்ணி கடைத்தெரு. செப்டம்பர் முதல் வாரம். கொடியேறி ஒரு வாரம் ஓடிவிட்டது. காவி உடுப்பும் தோள்பையுமாக நடந்து வந்த கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. அந்த நெரிசலில் ஒரு தகடுக் கடை முன்னால் நின்று என் நண்பன் கேட்ட கேள்விதான் மேலே இருக்கிற தலைப்பு!

கண், காது, கை, கால், இதயம், தொட்டில் குழந்தை, சின்ன வீடு என்று கடை முழுக்கத் தகடுகள். உடம்பில் எந்த இடத்தில் கோளாறோ, அந்த உறுப்பை வாங்கிக் காணிக்கை போடுவது இங்கே வழக்கம்.

"கணையமா? அது எப்படிப்பா இருக்கும்?"

"நாக்கு மாதிரி நீட்டமா இருக்கும்ணே. இரைப்பைக்குப் பின்னாடி."

"நாக்கே இருக்கு தம்பி, தரவா?"

மூணு பேரும் சிரித்துவிட்டோம். ஆனால் அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

நண்பனின் பெயர் வேண்டாம். ஹாஸ்டலில் அவன் பட்டப்பெயர் 'ஸ்வீட் பாக்ஸ்', அதுவே போதும். மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். 11 வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய். தினம் நாலு ஊசி. தஞ்சாவூரிலிருந்து மூன்று நாள் நடையில் அவன் இன்சுலினை ஈரத்துணி சுற்றி எடுத்து வந்தான். நாகப்பட்டினம் தாண்டி, இன்னும் ஒரு மணி நேர நடைதான் பாக்கி. பேசிக்கொண்டே வந்தவன் சம்பந்தமில்லாமல் உளற ஆரம்பித்தான். அடுத்த நிமிடம் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். மீட்டரில் 41. டீக்கடையில் சர்க்கரை வாங்கித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத்தான் எங்களை அடையாளம் தெரிந்தது.

"முன்னாடியெல்லாம் சுகர் இறங்கினா கை நடுங்கும், வேர்க்கும், பசிக்கும். இப்போ ஒண்ணுமே தெரியறதில்ல மாப்ள. நேரா லைட் ஆஃப்தான்" என்றான்.

அன்று ராத்திரிதான் இன்னொரு விஷயத்தையும் சொன்னான். அவன் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்திருக்கிறது. 'ஸ்டெம் செல் சிகிச்சை. ஒரே ஊசி. ஆயுசுக்கும் இன்சுலின் வேண்டாம்!' சில லட்சம் ஆகுமாம். அப்பா இருக்கிற அஞ்சு மா நிலத்தை விற்க ஆள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"உண்மையா பொய்யான்னு நீ பார்த்துச் சொல்லுடா. பத்திரிகைல எழுதுறல்ல?"

மாட்டிக்கொண்டேன். ஒரு மாதம் படித்தேன். தஞ்சாவூரில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவரிடம் உட்கார்ந்து சந்தேகம் கேட்டேன். கிடைத்த பதில், வீடியோவை விட சுவாரஸ்யமானது!

நம்ம செட் வயசுதான்!

பத்தாம் வகுப்பில் 'லாங்கர்ஹான் திட்டுகள்' என்று மனப்பாடம் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? 1869-ல் அதை மைக்ரோஸ்கோப்பில் முதலில் பார்த்தபோது பால் லாங்கர்ஹான்ஸ் பெர்லினில் மருத்துவ மாணவர். வயது 21! கணையத்துக்குள் தீவு தீவாகத் தனியே கிடக்கும் செல் கூட்டங்களை ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதினார். அவை எதற்கு என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

இருபது வருஷம் கழித்து, 1889-ல், மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துப் பார்த்தார்கள். நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. 1921-ல் டொரொன்டோவில் பான்டிங்கோடு சேர்ந்து இன்சுலினைப் பிரித்தெடுத்த சார்லஸ் பெஸ்ட், அப்போது 22 வயது மாணவர். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்சனுக்கு அந்த ஊசி போடப்பட்டது. அதுவரை இந்த நோய் வந்த குழந்தைகளுக்கு நாள் குறித்துக்கொண்டிருந்த உலகம், அன்றோடு மாறிப்போனது.

சுமார் 100 கிராம் எடையுள்ள கணையத்தில் ஏறக்குறைய 10 லட்சம் திட்டுகள். ஆனால் எல்லாம் சேர்ந்தே கணையத்தில் 1, 2 சதவிகிதம்தான். திட்டுகளில் உள்ள பீட்டா செல்கள் ரத்தத்தில் சர்க்கரையை நொடிக்கு நொடி மோப்பம் பிடித்து, தேவையான அளவு மட்டும் இன்சுலினை விடும். டைப் 1-ல் உடம்பின் எதிர்ப்பு சக்தியே எதிரி என்று நினைத்து இந்த பீட்டா செல்களைக் கொன்றுவிடுகிறது. ஸ்வீட் சாப்பிட்டதால் வந்ததல்ல, பெற்றோர் தப்பும் அல்ல. ஊசியால் இன்சுலின் கொடுக்கலாம், மோப்பம் பிடிக்கிற மூக்கைக் கொடுக்க முடியாது. அதனால்தான் நம்ம ஆள் ரோட்டில் உட்கார்ந்தான்.

சரி, செத்துப்போன திட்டுகளுக்குப் பதிலாக வேறு திட்டுகளை வைத்தால்? அதுதான் மேட்டர்!

கதிரடிப்பு முதல் நடவு வரை

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது ரொம்ப ஈஸி. மூளைச்சாவு அடைந்தவர் தானமாகத் தந்த கணையம்தான் நெற்கதிர். அதிலிருந்து மணியை மட்டும் பிரிக்க வேண்டும்.

முதலில் கதிரடிப்பு. கொலாஜினேஸ் என்ற நொதியைக் கணையத்தின் குழாய் வழியாக ஏற்றுவார்கள். திசுக்களைப் பிணைத்திருக்கும் நாரை அது கரைக்கும். பிறகு கணையத்தைத் துண்டு போட்டு, 'ரிகார்டி சேம்பர்' என்ற பாத்திரத்தில் குண்டுகளோடு போட்டுக் குலுக்குவார்கள். பிரிந்து வரும் திட்டுகள் உள்ளே இருக்கும் சல்லடை வழியாக வெளியேறும். கமில்லோ ரிகார்டி 1988-ல் வெளியிட்ட முறை இது. மெக்கானிக்கல் பசங்க கவனிக்க: இதில் பாதி நம்ம சப்ஜெக்ட்!

அடுத்து தூற்றல். காற்றில் தூற்றினால் மணி ஒரு பக்கம், பதர் ஒரு பக்கம் விழுகிற மாதிரி, வெவ்வேறு அடர்த்தியுள்ள திரவங்களில் போட்டுச் சுழற்றுவார்கள். திட்டுகள் லேசானவை, மேலே நிற்கும். மற்ற திசு கீழே போகும்.

மூன்றாவது நாற்றங்கால். பிரித்த திட்டுகளை ஊட்டத் திரவத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்திருப்பார்கள். கிருமி இருக்கிறதா, உயிர் இருக்கிறதா, சர்க்கரையைக் காட்டினால் இன்சுலின் விடுகிறதா என்று அப்போதுதான் சோதிப்பார்கள். பெறப்போகும் நோயாளியைத் தயார் செய்யவும் அவகாசம் கிடைக்கும்.

கடைசியில் நடவு. ஆனால் நடுவது கணையத்தில் அல்ல, கல்லீரலில்! வயிற்றைக் கிழிப்பதில்லை. கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, ஒரு பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 5,000 திட்டு என்பது கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 3 லட்சம். ஊசியே வேண்டாம் என்ற நிலைக்கு இதைப் போல இரண்டு மடங்கு கூடத் தேவைப்படலாம். நட்ட பயிர் பச்சை பிடிக்க நாளாகிற மாதிரி, திட்டுகளுக்குப் புது ரத்தக்குழாய் முளைக்கவும் இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் நிறைய திட்டுகள் பட்டுப்போகும்.

எட்மன்டனின் ஏழு பேர்

இதெல்லாம் ரொம்ப நாள் தோல்விக் கதையாகத்தான் இருந்தது. 2000-ல் கனடாவின் எட்மன்டனில் ஜேம்ஸ் ஷாப்பிரோ குழு, ஸ்டீராய்டு இல்லாத புது மருந்துக் கூட்டணியோடு ஏழு பேருக்குச் செய்தது. ஏழு பேருமே இன்சுலின் ஊசியை நிறுத்தினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால் க்ளைமாக்ஸ் அதுவல்ல. அங்கே சிகிச்சை பெற்ற 65 பேரின் நிலையை 2005-ல் வெளியிட்டார்கள். ஐந்து வருட முடிவில் ஊசி இல்லாமல் இருந்தவர்கள் சுமார் 10 சதவிகிதம்தான். தோல்வியா? இல்லை. சுமார் 80 சதவிகிதம் பேருக்குத் திட்டுகள் கொஞ்சமாவது வேலை செய்தன. அந்தக் கொஞ்சமே, திடீரென்று சுகர் இறங்கி மயங்கும் ஆபத்தைத் தடுக்கப் போதுமானது. 2016-ல் வெளியான இன்னொரு ஆய்வில், இப்படி அறிகுறி தெரியாமல் சுகர் இறங்கும் 48 பேரில் 87.5 சதவிகிதம் பேருக்கு ஒரு வருட முடிவில் சுகர் கட்டுக்குள் வந்தது, மயக்கமும் இல்லை.

ஆக, இந்தச் சிகிச்சை முதலில் யாருக்கு? ஊசி போட அலுத்துப்போனவர்களுக்கு அல்ல. 'லைட் ஆஃப்' ஆகிறவர்களுக்கு. 2023 ஜூனில் அமெரிக்கா 'லான்டிட்ரா' என்ற பெயரில் தானத் திட்டுகளுக்கு ஒப்புதல் தந்ததும் அவர்களுக்காகத்தான். அந்த ஆய்வில் 30 பேர். 21 பேர் ஒரு வருடமோ அதற்கு மேலோ ஊசி இல்லாமல் இருந்தார்கள். 5 பேருக்கு ஒருநாள் கூட ஊசியை நிறுத்த முடியவில்லை.

வேலிக்கு ஆகும் விலை

நட்ட பயிரை மாடு மேயாமல் இருக்க வேண்டுமே? இங்கே மாடு, நம் சொந்த எதிர்ப்பு சக்தி. அதைக் கட்டிப்போட தினமும் மாத்திரை, திட்டுகள் வேலை செய்கிற வரை. தொற்று எளிதில் வரும், புற்றுநோய் ஆபத்து கூடும், சில மருந்துகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும். இன்சுலின் ஊசியை விட்டுவிட்டு இதை வாங்குவது எல்லோருக்கும் லாபமான வியாபாரம் அல்ல என்று மருத்துவர் விளக்கினார்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கணைய அழற்சியால் தாங்க முடியாத வலி உள்ளவர்களுக்குக் கணையத்தையே எடுத்துவிட்டு, அதிலிருந்து பிரித்த திட்டுகளை அவர்களுக்கே திருப்பி வைப்பார்கள். சொந்தச் சரக்கு என்பதால் எதிர்ப்பு மாத்திரை தேவையில்லை. 1977-ல் மின்னசோட்டாவில் தொடங்கிய இந்த முறையை நம் நாட்டில் ஹைதராபாத்தின் ஏசியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் கேஸ்ட்ரோஎன்டராலஜியில் செய்திருக்கிறார்கள்.

அப்போ அந்த வீடியோ?

ஸ்டெம் செல் என்ற வார்த்தை பொய்யல்ல. அதுதான் இதில் சிக்கலே! ஹார்வர்டின் டக் மெல்டனுக்கு இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் டைப் 1. தவளைக் கரு ஆராய்ச்சியை விட்டுவிட்டு இதில் இறங்கினார். 2014-ல் அவர் குழு ஸ்டெம் செல்லிலிருந்து பீட்டா செல்லை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டியது. 2025 ஜூனில் வெர்டெக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு முடிவு வந்தது. ஸ்டெம் செல்லில் வளர்த்த திட்டுகளை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர், ஒரு வருட முடிவில் ஊசி இல்லாமல் இருந்தார்கள். தானக் கணையத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்பது பெரிய விஷயம். ஆனால் எதிர்ப்பு மாத்திரை இதிலும் உண்டு. ஸ்வீடனின் உப்சாலாவில், எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படாதபடி மரபணு திருத்திய திட்டுகளை ஒருவரின் கைத்தசையில் மாத்திரையே இல்லாமல் வைத்துப் பார்த்தார்கள். அவை பிழைத்தன, இன்சுலின் விட்டன. ஆனால் கொஞ்சமாகத்தான் வைத்ததால் அவர் ஊசியைத் தொடர வேண்டியிருந்தது.

இவையெல்லாம் ஆய்வுகள். ஆய்வில் சேருகிறவரிடம் சிகிச்சைக்குக் காசு வாங்க மாட்டார்கள். நெறிமுறைக் குழு, பதிவு எண், கண்காணிப்பு எல்லாம் இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டு நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது: ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளைப் பதிவு செய்த ஆய்வுக்கு வெளியே காசுக்கு விற்கக் கூடாது. வீடியோவில் பதிவு எண் இல்லை, எந்த செல் என்றும் இல்லை. போன் நம்பர் மட்டும் பெரிதாக இருந்தது.

பாக்கெட்டில் வைங்க!

பக்கத்து பெஞ்ச் நண்பனுக்கு சுகர் 70-க்குக் கீழே இறங்கினால்: நினைவு இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்கு அடியுங்கள்.

அஞ்சு மா

அவன் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னது நான்தான். வீட்டுத் திண்ணையில், கதிரடிப்பு, தூற்றல், நாற்றங்கால் என்று அவர் பாஷையிலேயே சொன்னேன். முழுக்கக் கேட்டார். "நடவு சரி தம்பி. வேலி இன்னும் சரியாகல, அப்படித்தானே?" என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

"வர்ற வரைக்கும் என்ன பண்றது?" என்று கேட்டார். அதற்கும் மருத்துவரிடம் பதில் இருந்தது. சுகர் அடிக்கடி இறங்கினால் உடம்பு பழகிப்போய் அபாயமணி அடிப்பதை நிறுத்திவிடும். சில வாரங்கள் இறங்கவே விடாமல் பார்த்துக்கொண்டால் மணி திரும்ப வரலாம். அவன் இலக்கைக் கொஞ்சம் உயர்த்தி, ஊசி அளவுகளை மாற்றிக் கொடுத்தார். ஹாஸ்டலில் ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வைத்து, முறை போட்டு எழுந்து அவனுக்கு மீட்டர் குத்தினோம். இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது.

நிலம் விற்கவில்லை. அந்த அஞ்சு மாவில் இப்போது சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருக்கிறது.

போன வாரம் லேப் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு சத்தம். ஸ்வீட் பாக்ஸ்தான். வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, லெக்சரர் முறைப்பதைக்கூடக் கவனிக்காமல் கத்தினான்:

"மாப்ள... கை நடுங்குதுடா!"

மீட்டரில் 66. சட்டைப்பையிலிருந்து குளுக்கோஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சிரித்தான்.