கிப்சோகே ஓடிய சாலையில் மெதுவாக

வியன்னாவின் பிராட்டர் பூங்காவுக்குள் ஹாப்டலே என்றொரு சாலை இருக்கிறது. கார்களுக்கு அனுமதி இல்லை. இருபுறமும் செஸ்ட்நட் மரங்கள் வரிசைகட்டி நிற்க, நான்கு கிலோமீட்டருக்கு மேல் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். 2019 அக்டோபர் 12 அன்று கென்யாவின் எலியுட் கிப்சோகே இங்கேதான் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடி முடித்தார். இரண்டு மணி நேரத்துக்குள் அதைக் கடந்த முதல் மனிதர் அவர். கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 50 விநாடி என்று கணக்கு வருகிறது. வேகம் தளராமல் இருக்க 41 ஓட்டக்காரர்கள் முறைவைத்துக் கூடவே ஓடினார்கள். அப்படி ஆள் மாறி மாறி வந்ததால் அது உலக சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. அதனால் என்ன, ஓடி முடித்ததும் மனைவி கிரேஸைக் கட்டிக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் குறை ஒன்றும் தெரியவில்லை.

அதே சாலையில் அக்டோபர் ஞாயிறுகளில் நானும் கணவரும் ஓடுகிறோம். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம்; அவருக்கு முழங்கால் ஒத்துழைத்தால் ஏழரை. எங்கள் இருவரில் வேகம் கூடியவள் நான். வேகத்துக்குப் பேர்போன இந்தச் சாலை சாவகாசமான ஓட்டத்துக்கும் வாகானது என்பது என் கட்சி. மேடு கிடையாது, சிக்னல் கிடையாது, பேச்சு அறுபடாது.

பேச்சு அறுபடாமல் இருப்பதுதான் விஷயமே. கூட ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதைத்தான் நிதான ஓட்டத்துக்கு அளவுகோலாகப் பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். ஊருக்குப் போனால் யார் வீட்டில் முதலில் இறங்குவது என்கிற எங்கள் நெடுநாள் வழக்கை வாதாட மூச்சு மிஞ்சினால் வேகம் சரி. “ம்” என்று மட்டும் பதில் வந்தால், ஒன்று அவருக்கு மூச்சு இரைக்கிறது, இல்லை கோபம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: “மெதுவாவே போகலாங்க.”

இதில் வேகமானவருக்கு நஷ்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் போட்டிக்குத் தயாராகும் வீரர்களே வாரத்தில் ஓடும் தூரத்தில் பெரும்பகுதியை நிதானமாகத்தான் ஓடுகிறார்கள். துணை ஓட்டத்துக்கு ஒரு கதையும் உண்டு. 1962 கடைசியில் அமெரிக்கத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மேன் நியூசிலாந்துக்குப் போனார். அந்நாட்டுப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு அங்கே சாதாரண ஜனங்களையும் ஓடவைத்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியிருந்த பவர்மேனும் அவர்களோடு கிளம்பி, மேட்டில் மூச்சுத் திணறிப் பின்தங்கிவிட்டார். எழுபது கடந்த ஒரு பெரியவர்தான் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவருக்குத் துணையாக ஓடிவந்தாராம். ஊர் திரும்பிய பவர்மேன் ஒரு மருத்துவரோடு சேர்ந்து எழுதிய ‘ஜாகிங்’ புத்தகம் 1967-இல் வந்து, அமெரிக்காவையே தெருவில் இறக்கி ஓடவிட்டது. அந்தப் பெரியவரை வைத்துப் பார்த்தால், துணை ஓட்டத்தில் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியவர் பின்னால் வருபவர்தான். என் கணவருக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

இலையுதிர் காலத்துக்கு இதில் பங்கு இருக்கிறது. வெயில் காலத்தில் உடம்புச் சூட்டைத் தணிக்க ரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குத் திரும்பிவிடும். அதே வேகத்துக்கே இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும். பத்து டிகிரி குளிரில் அந்தச் சுமை இல்லை. கிளம்பும்போது குளிரும், ஒரு கிலோமீட்டரில் கையுறையைக் கழற்றிவிடலாம்.

மரங்களைப் படத்தில் பார்த்துவிட்டு வருபவர்கள் ஏமாறக்கூடும். ஹாப்டலேயின் செஸ்ட்நட் இலைகள் பொன்னாக மாறும் முன்பே, ஆகஸ்டிலேயே, துருப்பிடித்ததுபோல் ஆகிவிடுவதுண்டு. இலைக்குள் சுரங்கம் தோண்டும் ஒரு சிறு அந்துப்பூச்சியின் வேலை அது. 1980-களில் மாசிடோனியாவின் ஓஹ்ரித் ஏரிப் பக்கம் கண்டறியப்பட்டு, 1989-இல் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. உதிர்ந்த சருகுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகக் குளிர்காலத்தைக் கழிக்கும் என்பதால், சருகைக் கூட்டி அள்ளிவிடுவதுதான் அதற்கு எளிய வைத்தியம்.

கீழே உருளும் பளபளப்பான கொட்டைகள் காலை வாரும். ஓரமாக ஓடுவது உத்தமம். தின்ன ஆசைப்பட வேண்டாம், அவை நஞ்சு. தின்பதற்கான செஸ்ட்நட் வேறு சாதி. அதைத் தெருமுனைகளில் சுட்டுக் காகிதப் பொட்டலத்தில் தருகிறார்கள். கூடவே இந்தப் பருவத்துக்கென்றே வரும் ‘ஷ்டுர்ம்’: பாதி புளித்த, கலங்கலான திராட்சை மது, நம் புதுக்கள்ளுக்குத் தூரத்து உறவு. எரித்த கலோரியெல்லாம் அங்கேயே திரும்பி வந்துவிடும். அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. கணவருடைய கடிகாரம்தான் எடுத்துக்கொள்கிறது.

அக்டோபரின் கடைசி ஞாயிறு விடிவதற்குள் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். அன்று காலை இனாமாகக் கிடைக்கும் அந்த ஒரு மணியைத் தூங்கிக் கழிப்பதா, ஓடிக் கழிப்பதா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் உடன்பாடு எட்டப்படவில்லை.