பிறர் கணக்கை எழுதும் மாணவர்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது முன்னோர் வாக்கு. அரசுக்குச் செலுத்தும் வரியையும் அளந்தே செலுத்த வேண்டும். மிகுந்தால் நமக்கு இழப்பு; குறைந்தால் சட்டப்படி குற்றம். இவ்வாறு அளந்து கொடுக்கும் வேலையைப் பிறருக்காகச் செய்து, படிக்கும்போதே சிறிது பொருள் ஈட்டலாமா என்று மாணவர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. ஈட்டலாம் என்பதே என் விடை. ஆனால், இத்தொழிலுக்கு முதல் எது என்பதை அறிந்த பின்னரே இதில் இறங்க வேண்டும்.

இந்நாளில் வருமான வரிக் கணக்கு பெரும்பாலும் வரித்துறையின் இணையதளத்திலேயே தாக்கல் செய்யப்படுகிறது. ஆகவே கடை வேண்டா, பெயர்ப்பலகை வேண்டா. ஒரு கணினி போதும். சம்பளம், ஓய்வூதியம், வங்கி வட்டி ஆகியவற்றோடு வருமானம் நின்றுவிடுகின்ற ஆசிரியர்களும் அலுவலர்களும் முதியோர்களுமே மாணவருக்கு ஏற்ற வாடிக்கையாளர். வழக்கமான இறுதி நாள் ஜூலை 31 ஆதலால், ஆண்டுத் தேர்வு முடிந்த பின்னரே வேலை மும்முரமாகும். ஒருவருக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாற்பது பேருக்கு 20,000 ரூபாய். அதுவும் வருமானமே, மாணவர் தம் கணக்கில் அதனைக் காட்டுதல் வேண்டும்.

வேலையின் உயிர்நாடி ஒப்புநோக்குதல். சம்பளம் வழங்கும் நிறுவனம் தரும் சான்றிதழ் ஒன்று. பல்லாண்டுகளாகப் 'படிவம் 16' என்று வழங்கிவந்தது இதுவே. வங்கிக் கணக்கு மற்றொன்று. வரித்துறை தன் இணையதளத்தில் ஒவ்வொருவருக்கும் காட்டும் ஆண்டுத் தகவல் அறிக்கை மூன்றாவது. இம்மூன்றும் ஒத்துவர வேண்டும். பலர் மறப்பது வைப்புத்தொகையின் வட்டியை. அவர் மறந்தாலும், வங்கி அதனைத் துறைக்குத் தெரிவித்திருக்கும்.

அடுத்து, பழைய வரிமுறை, புதிய வரிமுறை என்னும் இரண்டில் எது நன்மை தரும் என்று கணக்கிட்டுக் காட்ட வேண்டும். 2023-24ஆம் நிதியாண்டு முதல் புதிய முறையே இயல்பான முறையாயிற்று. காப்புறுதி, சேமிப்பு போன்ற கழிவுகளில் பெரும்பாலானவற்றைப் பழைய முறையில்தான் கோரலாம். கணக்கைத் தாக்கல் செய்த பின் 30 நாள்களுக்குள் அதனைச் சரிபார்த்து உறுதி செய்யவும் வேண்டும். அதைச் செய்யாவிடின் உரிய காலத்தில் கணக்குத் தந்ததாகவே கொள்ளப்படாது.

எல்லையும் அறிதல் வேண்டும். நிலம் விற்றவர், வணிகம் நடத்துபவர் ஆகியோரின் சிக்கலான கணக்குகளை ஆடிட்டரிடம் அனுப்பிவிடுதலே நன்று. வரி அதிகாரியின் முன் பிறருக்காக வாதிடும் உரிமை, பட்டயக் கணக்காளர், வழக்கறிஞர் போன்று சட்டம் குறிப்பிடுவோருக்கே உண்டு. ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் பட்டயக் கணக்கியல் மாணவர், முன் அனுமதியின்றி வேறு தொழில் செய்தலும் கூடாது.

இனி, சோதனை எங்கே வருகிறது என்று பார்ப்போம். "பணம் திரும்பி வந்தால் பத்தில் ஒரு பங்கு உனக்கு" என்பார் ஒருவர். பழைய முறையில் 20 விழுக்காட்டுப் படியில் இருக்கும் அவருக்கு, கொடுக்காத நன்கொடை ஒரு லட்சம் ரூபாயைக் கொடுத்ததாக எழுதினால், 20,000 ரூபாய் திரும்பிவரும். எழுதியவருக்கு 2,000 கிடைக்கும். பொய் வெளிப்படும் நாளில் அந்த 20,000 ரூபாயையும், அதற்கு வட்டியையும், அதன் இருமடங்கு வரை தண்டத்தையும் கட்டவேண்டியவர் கையொப்பமிட்டவரே. 2,000 ரூபாய்க்காக ஒரு குடும்பத்தின் தலையில் 60,000 ரூபாய்க்கு மேல் சுமை ஏறுகிறது. பொய்க் கணக்குக்கு உடந்தையாயிருந்தவருக்கும் சட்டத்தில் தண்டனை உண்டு.

இது வெறும் கற்பனையன்று. 2025 ஜூலை 14 அன்று, பொய்க் கழிவுகளுக்குத் துணைபோனவர்களைக் குறிவைத்து வரித்துறை நாட்டின் பல இடங்களில் சோதனை தொடங்கியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தம் கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கோரிக்கைகளை விலக்கிக்கொண்டதாகத் துறை அறிவித்தது. கணக்கு எழுதியோர் சிலர் தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளைக் கொடுத்துப் பின்னர் கைவிட்டமையால், துறையின் அறிவிப்புகள் உரியவர் கண்ணில் படாமலே கிடந்தனவாம்.

இதனின்று சில விதிகள் பிறக்கின்றன. கட்டணத்தை வேலைக்கு இவ்வளவு என்று முன்னரே சொல்லுக. திரும்பிவரும் பணத்தில் பங்கு கேளாதிருக்க. வாடிக்கையாளரின் சொந்த மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையுமே பதிவு செய்க. சான்று காணாத கழிவை எழுதற்க. எழுதியதை அவருக்கு வரிவரியாகப் படித்துக் காட்டி, ஓ.டி.பி. எண்ணை அவரையே இடச் செய்க. அவருடைய கடவுச்சொல்லைக் குறித்து வைத்துக்கொள்ளற்க.

சட்டமும் படிவமும் காலந்தோறும் மாறும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மாற்றங்களைப் படித்துக் கொள்ளலாம். ஆனால், பொய்க் கோரிக்கையுடன் வரும் தெரிந்தவரிடம் "இதை நான் எழுதமாட்டேன்" என்று மரியாதையோடு மறுக்கும் துணிவை முன்னரே தேடிக்கொள்ள வேண்டும். அத்துணிவே இத்தொழிலின் முதல். அது கைவசம் உள்ள மாணவர் இவ்வேலையைத் தயங்காமல் தொடங்கலாம்.