ஏழாயிரம் பவுண்டு கால்வாய்

மதிப்பீட்டு வரியை யார் கேட்கிறார்கள், எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்கிறார்கள் என்பதெல்லாம் முன் வாரங்களில் வந்துவிட்டது. தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரத்துக்கு வாக்குக் கொடுத்திருந்த விஷயம், ஆண்டு நடுவில் மன்றம் தன் வரவு செலவுத் திட்டத்தை எப்படித் திருத்துகிறது என்பது. அதற்குப் போகும் வழியில் போர்ட் கிள்ளானின் பழைய கால்வாய்க் கணக்கு ஒன்று அகப்பட்டது. அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

முதலில் வரிக் கடுதாசியைப் பார்த்துவிடலாம். கிள்ளான் அரச மாநகர் மன்றம் அனுப்பும் பில்லில் எல்லார் கண்ணும் போவது கட்ட வேண்டிய தொகைக்குத்தான். அந்தத் தொகை பிறப்பது வேறு இரண்டு எண்களில்: ‘நிலாய் தாஹுனான்’ என்ற ஆண்டு மதிப்பு, ‘காடார்’ என்ற விகிதம். ஒரு வீடு மாதம் 1,000 வெள்ளிக்கு வாடகை போகும் என்று மதிப்பீட்டு அதிகாரி கணித்தால் அதன் ஆண்டு மதிப்பு 12,000. விகிதம் 4 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 480 வெள்ளி, அரையாண்டுக்கு 240. பிப்ரவரி கடைசிக்குள் ஒரு பாதி, ஆகஸ்ட் கடைசிக்குள் மறு பாதி. சொந்தக்காரரே குடியிருந்தாலும், வீடு பூட்டிக் கிடந்தாலும் கணக்குக்கு அடிப்படை அந்த உத்தேச வாடகைதான்.

1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம், அதாவது சட்டம் 171, ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு வரை வரி விதிக்க இடம் தருகிறது. வீடுகளுக்கான விகிதம் அதற்கு வெகு கீழே நிற்கிறது. மதிப்புப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம் என்று சட்டம் வழி வைத்திருந்தும் சிலாங்கூரில் அது நெடுங்காலம் தள்ளிப்போனது. கடைசியில் 2025-இல் மறுமதிப்பீடு வந்தபோது, உயர்வு 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று மாநில அரசு கட்டுப்பாடு போட வேண்டியிருந்தது. ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டதை ஒரே மூச்சில் கேட்டால் குடியிருப்பவர் தாங்குவாரா?

வரி பாக்கி என்றதும் அடுக்குமாடி ஏழைக் குடும்பத்தைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். போர்ட் கிள்ளான்காரர்களுக்கு வேறொரு பாக்கி ஞாபகம் வரும். 2006-இல் இந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் நகராண்மைக் கழக உறுப்பினராகவும் இருந்தவர் ஸக்காரியா முகமட் டெரோஸ். பண்டமாரானில் அவர் கட்டிக்கொண்டிருந்த மாளிகைக்குக் கட்டட வரைபட அனுமதி இல்லை என்பது அந்த ஆண்டு வெளியானது. அதோடு, அவருடைய பழைய வீட்டுக்கு 12 ஆண்டுகளாக மதிப்பீட்டு வரி கட்டவில்லை என்பதும் சேர்ந்து வந்தது. நாடு முழுக்கப் பேசப்பட்டு, அவர் கழக உறுப்பினர் பதவியிலிருந்து விலகினார். வரிப்பணத்தை ஒதுக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவரே வரி கட்டாதவர் என்பதுதான் ஊராரை உறுத்தியது.

வந்த பணம் எங்கே போகிறது? குப்பை அள்ளுவது, கால்வாய் தூர் வாருவது, புல் வெட்டுவது, தெருவிளக்கு, சந்தை, பூங்கா, ஊழியர் சம்பளம். சாலைப் பராமரிப்புக்குக் கூட்டரசு மாநிலங்களுக்குத் தரும் மானியத்திலிருந்தும் பங்கு வரும். இவை ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் நிர்வாகச் செலவுகள். புதிதாகக் கட்டுவது மேம்பாட்டுச் செலவு என்ற தனித் தலைப்பில் நிற்கும். புதிதாகக் கட்டியதற்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, புகைப்படம் உண்டு. கட்டியதைக் காப்பாற்றும் செலவுக்கு அந்த மரியாதை எதுவும் கிடையாது. வரவு இறங்கும் ஆண்டில் முதலில் கத்தரி விழுவது அதன் மேல்தான்.

பழைய கணக்கு இங்கேதான் வந்து சேர்கிறது.

1901 செப்டம்பர் 15. ஆங்கிலேயர் அலையாத்திக் காட்டை வெட்டிக் கட்டிய புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. அப்போது அதன் பெயர் போர்ட் ஸ்வெட்டன்ஹாம்; போர்ட் கிள்ளான் ஆனது 1972-இல். திறந்த சில வாரங்களிலேயே மலேரியா ஊரைப் பிடித்துக்கொண்டது. அரசு ஊழியர் குடியிருப்பில் காய்ச்சல் கண்டது, கூலி லயத்தில் கண்டது, கப்பலில் வந்தவர்களுக்கும் கண்டது. இவ்வளவு செலவழித்துக் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்றுகூட மேலிடத்தில் பேச்சு எழுந்தது. அந்த ஆண்டுதான் கிள்ளானுக்கு மருத்துவராக வந்திருந்தார் மால்கம் வாட்சன். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் நிறுவி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. மருந்து கொடுத்து மாளாது, சதுப்பு நிலத்தை வற்ற வைக்க வேண்டும், அதற்குக் கால்வாய் வெட்டப் பணம் ஒதுக்குங்கள் என்று வாட்சன் கேட்டார். மாநில மருத்துவர் டிராவர்ஸ் அவர் பக்கம் நின்றார். பணம் வந்தது; கிள்ளான் நகரத்திலும் துறைமுகத்திலும் கால்வாய் வெட்டப்பட்டது.

அந்த இரண்டு ஊர்களின் எண்கள் இவை. கிள்ளான் நகரவாசிகளில் மலேரியாவுக்காக மருத்துவமனைக்கு வந்தவர்கள் 1901-இல் 334 பேர். அடுத்தடுத்த ஆண்டுகளில் 129, 48, 28 என்று இறங்கி 1905-இல் 12. துறைமுகத்தில் 1901-இல் 188 பேர், பிறகு 70, 21, 4, 1905-இல் 11. அரசு ஊழியர் மலேரியாவால் எடுத்த மருத்துவ விடுப்பையும் வாட்சன் எண்ணி வைத்திருந்தார். 1901-இல் 1,026 நாள், 1905-இல் 30 நாள். ஆயிரத்துக்கும் மேலான வேலை நாள் முப்பதாகச் சுருங்கியது என்றால், கால்வாய்க்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி சம்பளப் பட்டியல் வழியாகவே திரும்பிவிட்டது என்று அர்த்தம். நோயாளிகளோடு விடுப்பு நாளையும் எண்ண ஒரு மருத்துவருக்குத் தோன்றியதே, அதுதான் வியப்பு. கருவூலத்தாரிடம் எந்தக் கணக்கைக் காட்டினால் எடுபடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

செலவுக் கணக்கு இன்னும் அருமை. 1905 முடிய கிள்ளான் நகரத்துக்கு ஆன செலவு 3,100 பவுண்டு. துறைமுகத்துக்கு 7,000 பவுண்டு. அதோடு நிறுத்தாமல் பக்கத்திலேயே ஆண்டுப் பராமரிப்பையும் எழுதியிருக்கிறார்கள்: கிள்ளானுக்கு 270, துறைமுகத்துக்கு 240. பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தால், கிள்ளானில் கட்டுமானச் செலவில் ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு ஒவ்வோர் ஆண்டும் காப்பதற்கே வேண்டும். துறைமுகத்தில் மூன்றரை விழுக்காடு. இன்றைக்கு ஒரு மன்றம் புதிதாகக் கால்வாயோ மதகோ பூங்காவோ அறிவிக்கும்போது, இதைக் காக்க ஆண்டுக்கு இவ்வளவு ஆகும், அது இந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று அதே வரியில் சொன்னால் எத்தனை வாக்குவாதம் மிச்சமாகும்! நூற்றிருபது ஆண்டுக்கு முன், சட்டையில் சேறு பட நடந்த ஒரு மருத்துவர் அதைச் செய்து காட்டியிருக்கிறார்.

துறைமுகப் பக்கம் கால்வாய் என்றால் லேசான வேலை இல்லை. இங்கே பெரிய ஏற்றத்தின்போது கடல் ஐந்து மீட்டருக்கு மேல் எழும்பும். அப்போது கால்வாய் வாயிலுள்ள மதகை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் உப்புத் தண்ணீர் ஊருக்குள் ஏறும். அடைத்திருக்கும் நேரம் பார்த்து மழை கொட்டினால், உள்ளே விழும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. லோங்காங் என்னும் தெருச் சாக்கடை நிரம்பி, சாலை விளிம்பைத் தொட்டு, வாசற்படி ஏறும். மதகு இடுக்கில் ஒரு மெத்தையோ மரக்கிளையோ சிக்கிக்கொண்டால் அது முழுசாக மூடவும் மூடாது, திறக்கவும் திறக்காது. அந்த மெத்தையை இழுத்துப் போட ஆளும் வண்டியும் வேண்டும். வாட்சன் கணக்கில் 240 பவுண்டு என்று நின்ற செலவு இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். சட்டம் 171-இன் 129-ஆம் பிரிவு வடிகாலுக்கென்றே தனி வரி போட மன்றங்களுக்கு இடம் தருகிறது. கால்வாயைத் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் சட்டம் எழுதியவர்களுக்கும் இருந்திருக்கிறது.

வாட்சனின் பட்டியலில் மூன்றாவதாக ஒரு வரிசையும் உண்டு. கிள்ளான் மாவட்டத்தின் மற்றப் பகுதிகள்: 1901-இல் 197, பிறகு 204, 150, 266, 1905-இல் 353. கால்வாய் வெட்டாத இடத்தில் காய்ச்சல் குறையவில்லை என்று நிரூபிக்கவே அவர் அதைப் போட்டார். அறிவியலுக்கு நல்ல ஒப்பீடுதான். ஆனால் அந்த மற்றப் பகுதிகளில் அப்போது ரப்பர் தோட்டங்கள் திறந்துகொண்டிருந்தன. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அந்தத் தோட்டங்களில் காடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆள் தொகை கூடியதும் எண்ணிக்கை ஏறியதற்கு ஒரு காரணம். என்றாலும் அன்று ஊரை நிர்வகித்த சுகாதார வாரியத்தின் எல்லைக்கோடு எங்கே முடிந்ததோ அங்கேயே கால்வாய்ப் பணமும் முடிந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் 12, அந்தப் பக்கம் 353. வாட்சன் பிற்பாடு தோட்டங்களுக்கும் போய் அதே வேலையைச் செய்தார், நல்ல மனிதர். ஆனாலும் தோட்டம் தனியார் நிலம், ஊர்ப்பணம் அங்கே செல்லாது என்ற நிலை மலாயாத் தமிழரைப் பல பத்தாண்டுகள் துரத்தியது. ஒரு வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கிறவர் தொகையைப் பார்க்கும் முன் எல்லைக்கோட்டைப் பார்க்க வேண்டும் என்று இந்தத் தொடர் விடாமல் சொல்லிவருவது இதனால்தான்.

கிள்ளானின் எல்லைக்கோடும் பலமுறை நகர்ந்திருக்கிறது. 1890-இல் கிள்ளானுக்குச் சுகாதார வாரியம் வந்தது. 1926-இல் துறைமுகத்தின் வாரியம் அதோடு இணைந்தது. 1954-இல் தேர்தல் வைத்து நகர மன்றம் அமைந்தது. 1977 ஜனவரி 1 முதல் நகராண்மைக் கழகம். 2024 பிப்ரவரி 5 முதல் அரச மாநகர் மன்றம்.

துறைமுகமே மன்றத்துக்குப் பெரிய வரவு தருமே என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 156-ஆம் விதி அங்கே குறுக்கே நிற்கிறது. கூட்டரசோ மாநிலமோ பொது அதிகார அமைப்போ பொதுக் காரியத்துக்காக வைத்திருக்கும் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் மதிப்பீட்டு வரி கிடையாது. வரிக்குப் பதிலாக, இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்ட ஒரு தொகையை உதவியாகத் தருவார்கள். ஒத்துவராவிட்டால் நடுவர் மன்றம் முடிவு செய்யும். வீட்டுக்காரருக்கு வருவது கட்டளை. கூட்டரசுக்குப் போவது பேச்சுவார்த்தை. கனரக லாரிகள் நாள் முழுக்க உழும் ஊருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

இனி, சொல்வதாக வாக்குக் கொடுத்த வரவு செலவுத் திருத்தத்துக்கு வரலாம். இடம் குறைவாக இருப்பதால் வாசல் வரைதான் போக முடியும். மன்றம் ஆண்டு வரவு செலவு மதிப்பீட்டை நிறைவேற்றி மாநில அரசின் ஒப்புதலுக்கு அனுப்புகிறது. ஆண்டு நடுவில் வெள்ளம் வந்தாலோ, ஒரு தலைப்பில் பணம் தீர்ந்தாலோ இரண்டு வழி. புதிதாகப் பணம் வேண்டுமென்றால் கூடுதல் மதிப்பீடு. அதுவும் மன்றத்தில் நிறைவேறி மாநிலத்துக்குப் போக வேண்டும். இருக்கும் பணத்தை ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குத் தள்ளுவது ‘பிண்டா பெருந்துக்கான்’ என்ற ஒதுக்கீட்டு மாற்றம். மொத்தத் தொகை அசையாது. பூங்காவுக்கு இருந்தது கால்வாய்க்குப் போகும், கால்வாய்க்கு இருந்தது வேறெதற்கோ போகும். சட்டம் 171-இன் 23-ஆம் பிரிவுப்படி முழு மன்றக் கூட்டத்துக்குப் பொதுமக்களும் பத்திரிகையாளரும் போய் உட்காரலாம், மன்றமே வேண்டாமென்று தீர்மானித்தாலொழிய. செயற்குழுக்களுக்கு அந்தப் பிரிவு தானாகப் பொருந்தாது. பணத்தைப் பற்றிய விரிவான பேச்சு நடக்கும் இடமோ பெரும்பாலும் செயற்குழுதான். கதவுக்கு வெளியே நிற்கும் வரிசெலுத்துநருக்குத் திருத்தம் தெரியவருவது அது முடிந்த பிறகே.

உள்ளே உட்காருபவர்களையும் அவர் தேர்ந்தெடுப்பதில்லை. 8 முதல் 24 உறுப்பினர் வரை மாநில அரசு நியமிக்கிறது. இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச் 1 முதல் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் மன்றங்களின் நிலையை ஆராய ஓர் அரச ஆணையம் அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் ம.இ.கா.வைச் சேர்ந்த செனட்டர் ஆதி நாகப்பன். இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பனின் கணவர் என்று சொன்னால் மூத்த வாசகர்களுக்கு உடனே பிடிபடும். மன்றங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே வேண்டும் என்று அவருடைய ஆணையம் பரிந்துரைத்தது. ஆனால் 1976 சட்டத்தின் 15-ஆம் பிரிவு உள்ளாட்சித் தேர்தல் விதிகளுக்கே முற்றுப்புள்ளி வைத்தது. இந்த நாட்டின் உள்ளாட்சியைப் பற்றி எழுதப்பட்ட மிக முக்கியமான அறிக்கைகளில் ஒன்று ஒரு தமிழரின் பெயரால் அறியப்படுகிறது. நம் தமிழ்ப் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகளுக்கு அது சொல்லப்பட்டிருக்கிறது?

ஆதி நாகப்பன் ஆணையத்தை இரண்டு பத்தியில் முடிப்பது நியாயமில்லை. அடுத்த வாரம் அந்த அறிக்கை நகராண்மைப் பணத்தைப் பற்றி என்ன பேசியது என்பதில் தொடங்கி, அங்கிருந்து கூடுதல் மதிப்பீட்டுக்குப் போகலாம். முழு மன்றக் கூட்டத்தில் ஒரு முறையாவது போய் உட்கார்ந்த வாசகர்கள், அன்று எந்த ஒதுக்கீடு எங்கே மாறியது என்று எழுதி அனுப்பினால் அந்தப் பகுதிக்கு உதவும்.