மெத்தையில் கறையா? புரட்டிப் போடாதீர்கள்



நம் கிராமத்து வீடுகளில் மெத்தை என்பது பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். கல்யாணத்தின்போது பெண் வீட்டுச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தை. அதில் ஒரு கறை பட்டுவிட்டால் வீட்டுப் பெண் முதலில் என்ன செய்கிறாள்? மெத்தையைப் புரட்டிப் போடுகிறாள். புரட்டிய பக்கமும் கறைபட்டுவிட்டால் பழஞ்சேலையை நாலாக மடித்து மேலே விரிக்கிறாள். "யாரும் பார்த்துடக் கூடாது" என்பது ஒன்றே அவள் கவலை. ஈரமோ உள்ளேயே தங்கிவிடுகிறது. பஞ்சு கட்டிதட்டி, பூஞ்சாணம் பிடித்து, வாடை வீச ஆரம்பிக்கிறது.

கறையை எடுப்பது பெரிய வித்தை அல்ல. வீட்டில் இருக்கிற உப்பும் சோப்பும் வெயிலும் பெரும்பாலும் போதும். அதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். ஆனால் எடுப்பதற்கு முன் அந்தக் கறையை ஒரு நிமிடம் நின்று பார்க்கவும் வேண்டும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இரத்தக் கறை

வெந்நீர் ஊற்றாதீர்கள். முட்டையை வெந்நீரில் போட்டால் வெள்ளைக்கரு எப்படிக் கெட்டியாகிறதோ, அப்படியே இரத்தத்தில் உள்ள புரதமும் சூடு பட்டதும் இறுகித் துணி நூலோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எத்தனை தேய்த்தாலும் பழுப்பு நிறம் போகாது. இஸ்திரிப் பெட்டியின் சூடும் அப்படித்தான். எனவே பச்சைத் தண்ணீர். பானைத் தண்ணீராக இருந்தால் இன்னும் நல்லது.

விரிப்பை உடனே எடுத்துத் தனியாக ஊற வையுங்கள். மெத்தைமேல் காய்ந்த துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் கறை பரவும், உள்ளேயும் இறங்கும். ஒரு டம்ளர் குளிர்ந்த நீரில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதில் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள். துணியை அடிக்கடி அலசிக்கொள்ள வேண்டும். பிறகு துணி சோப்பைச் சிறிது தண்ணீரில் போட்டுக் கையால் அடித்தால் நுரை வரும் அல்லவா, அந்த நுரையை மட்டும் எடுத்துக் கறைமேல் தடவுங்கள். கால் மணி நேரம் விட்டு ஈரத்துணியால் துடையுங்கள். சோப்புத் தண்ணீரை அப்படியே ஊற்றிவிடாதீர்கள்.

காய்ந்து போன பழைய கறைக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். 20 வால்யூம் என்று புட்டியில் எழுதியிருந்தால் அது 6 சதவீதம். அதே அளவு தண்ணீர் கலந்து பாதியாக்கிக்கொள்ளுங்கள். சில சொட்டு விட்டதும் புசுபுசுவென்று நுரைக்கும். இரத்தத்தில் உள்ள ஒரு பொருள் அதைப் பிரித்து வாயுவாக்குவதால் வரும் நுரை அது. நுரை அடங்கியதும் ஒற்றி எடுங்கள். வண்ணக் கோடு போட்ட மெத்தைத் துணி இதனால் வெளுத்துவிடலாம். முதலில் ஒரு மூலையில் விட்டுப் பாருங்கள்.

கையில் வெட்டோ புண்ணோ இருந்தால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு செய்யுங்கள். சொந்த வீட்டு இரத்தம்தானே என்று நினைக்க வேண்டாம். மஞ்சள் காமாலையில் 'பி' வகைக் கிருமி, இரத்தம் காய்ந்த பிறகும் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கக்கூடியது.

மூத்திரக் கறையும் மற்றக் கறைகளும்

மூத்திரத்தில் உள்ள யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. அந்த நெடிதான் மூக்கைத் துளைப்பது. ஆகவே மேலே பவுடரும் அத்தரும் தெளித்துப் பயன் இல்லை. ஈரத்தை ஒற்றி எடுத்து, பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒற்றுங்கள். வினிகர் இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு. ஓரளவு காய்ந்ததும் ஆப்ப சோடாவைத் தூவி, சில மணி நேரம் கழித்துத் தட்டிவிட்டால் மிச்ச வாடையும் போகும்.

பிளீச்சிங் பவுடரை மட்டும் மெத்தைப் பக்கம் கொண்டு போகாதீர்கள். துணி நைந்துவிடும் என்பது சின்ன விஷயம். அதனுடன் வினிகரோ எலுமிச்சையோ கக்கூஸ் ஆசிடோ சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். பழைய மூத்திரத்தின் மேல் போட்டாலும் நெஞ்சை அடைக்கும் வாயு வரும். கதவைச் சாத்திய சின்ன அறையில் இது ஆபத்து.

மஞ்சள் பூசிக் குளித்த உடம்பிலிருந்து ஒட்டிய மஞ்சள் கறை, சோப்புப் பட்டதும் சிவந்து போகும். "ஐயோ, இரத்தம் மாதிரி ஆயிடுச்சே" என்று பயப்பட வேண்டாம். வெயிலில் போட்டால் அதுவாகவே மங்கிவிடும். தலை எண்ணெய்க் கறைக்குக் கடலை மாவைத் தூவி ஓர் இரவு விட்டு, காலையில் உதறிவிட்டுச் சோப்பு நுரை போட்டால் போதும்.

கறை உள்ளே பஞ்சு வரைக்கும் இறங்கிவிட்டால் என்ன செய்வது? இலவம்பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே கூடாக, மேலே மெழுகு பூசினாற்போல் இருக்கும். அதனால் உடனே தண்ணீரை ஏற்காது. நீங்கள் சுருக்காகச் செயல்பட்டால் கறை மேல்துணியோடு நிற்கும். ஆனால் கட்டி கட்டியாக நனைந்துவிட்டால் நடுவில் இருப்பது பல நாள் காயாது. அப்போது ஓரத் தையலை இரண்டு சாண் பிரித்து, நனைந்த பஞ்சை மட்டும் கையால் எடுத்து, கொசுவலைத் துணியில் கட்டி வெயிலில் காய வைத்து, கையால் பிரித்துவிட்டுத் திரும்பத் திணித்துத் தைத்துக்கொள்ளலாம். தென்னைநார் மெத்தையை நனையவே விடாமல் ஒற்றி எடுத்து நிமிர்த்தி வைக்க வேண்டும். ரப்பர் மெத்தையைக் கடும் வெயிலில் போட்டால் பொடிந்து போகும். அதற்கு நிழலும் காற்றும்தான் சரி.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

நனைந்த மெத்தையைத் தனியாளாகத் தூக்கிப் பாருங்கள், எவ்வளவு கனம் என்று தெரியும். மாதவிலக்கு நேரத்தில் இடுப்பு வலியோடு இருப்பவளோ, பிரசவித்த உடம்போ அதை மொட்டை மாடிக்குச் சுமக்கக் கூடாது. "தீட்டுக் கறையை ஆம்பளை தொடறதா?" என்று கேட்பவர்களை முப்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். அது உடம்பில் ஓடும் அதே இரத்தம். கூட்டத்தில் இதைச் சொல்லும்போது சிரிக்கிற இளைஞர்கள், கூட்டம் முடிந்து தனியாக வந்து "சார், அந்த உப்புத் தண்ணி எவ்வளவு?" என்று கேட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்னொன்று. முதல் இரவின் மறுநாள் விரிப்பில் கறை தேடும் வழக்கம் சில இடங்களில் இன்னும் போகவில்லை. கறை இல்லை என்று பெண்ணைச் சந்தேகப்படுவது அறியாமை. முதல் சேர்க்கையில் பல பெண்களுக்கு இரத்தம் வருவதே இல்லை. அந்தச் சவ்வு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக அமைந்திருக்கும், விரிந்து கொடுக்கக்கூடியது. உடம்பைப் பார்த்துக் கன்னித்தன்மையைச் சொல்லும் சோதனை எதற்கும் மருத்துவ ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018-இல் சேர்ந்தே அறிவித்தன. மாமியார்மாரும் இதைப் படித்தால் நல்லது.

கறையைப் பார்க்கச் சொன்னது ஏன்?

ஒரு கிராமத்தில் நடந்தது. முதல் பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த பெண். பன்னிரண்டாம் நாள் இரவு, குறைந்திருந்த உதிரப்போக்கு திடீரென்று பச்சை இரத்தமாகத் திரும்பியது. மெத்தை நனைந்தது. அம்மா வீட்டு மெத்தை, அண்ணி என்ன சொல்வாளோ என்று அதைப் புரட்டிப் போட்டுவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். கேட்டவர்களிடம் "புழுக்கமா இருக்கு" என்றாளாம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் குழந்தையைப் பார்க்க வந்த கணவன், தொட்டில் கட்ட இடம் பண்ணுவதற்காக மெத்தையைத் தூக்கினான். அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான், வெளுத்துக் கிடந்தது. 108-க்குப் போன் செய்தார்கள். நஞ்சுக்கொடியின் ஒரு துண்டு கருப்பையில் தங்கியிருந்தது. இரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். இன்னும் ஓர் இரவு அந்த மெத்தை கவிழ்ந்தே கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே நினைத்துப் பார்க்கலாம்.

பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு சிவப்பில் தொடங்கி, பழுப்பாகி, வெளிறி, ஆறு வாரத்துக்குள் நின்று போவது இயல்பு. ஒரு மணி நேரத்தில் ஒரு பட்டை முழுக்க நனைந்தாலோ, கோழிமுட்டையைவிடப் பெரிய கட்டி விழுந்தாலோ, கெட்ட வாடை, காய்ச்சல், மயக்கம் இருந்தாலோ மெத்தையை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கர்ப்பமாக இருக்கும்போது சொட்டுக் கறை பட்டாலும் அன்றே காட்ட வேண்டும். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு மறுபடி கறை பட்டால், அது திரும்பி வந்த இளமை அல்ல. புற்றுநோய் இருக்கிறதா என்று பரிசோதித்தே தீர வேண்டும். அத்தையோ அம்மாவோ இதை வெளியே சொல்ல மாட்டார்கள். விரிப்பைத் துவைக்கும் மருமகள்தான் கவனிக்க முடியும்.

மாதாமாதம் மெத்தை வரை நனைகிறது, ஏழு நாளுக்கு மேல் போகிறது என்றால் அதுவும் சாதாரணம் இல்லை. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. இருக்கிற இரத்தமே குறைவு. அதில் இப்படியும் போனால் உடம்பு எதைக் கொண்டு வேலை செய்யும்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அளவைச் சோதித்து, இரும்புச் சத்து மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்பர்-டி போட்டுக்கொண்டவர்களுக்கு முதல் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை போக்கு சற்று அதிகமாக இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போடும் அந்தரா ஊசிக்குப் பிறகு எதிர்பாராத நாளில் சொட்டுச் சொட்டாகக் கறை படலாம். இரண்டும் பெரும்பாலும் தானாகச் சரியாகும். "மெத்தை பாழாப் போச்சுன்னு அவர் சத்தம் போட்டார், அதனால எடுத்துட்டேன்" என்று சொன்ன பெண்ணை, அடுத்த வருடம் வேண்டாத கர்ப்பத்தோடு பார்த்தேன். சத்தம் போடுவதற்குப் பதிலாக இருவருமாக நர்சம்மாவிடம் போயிருந்தால் மருந்தோ மாற்று முறையோ கிடைத்திருக்கும்.

படுக்கையை நனைக்கும் பிள்ளை

ஐந்து வயது வரை இது வியாதியே அல்ல. அதற்கு மேலும் பல பிள்ளைகளுக்குத் தொடர்ந்து, வருடத்துக்கு வருடம் குறைந்து நின்று போகும். பெரும்பாலும் வழிவழியாக வருவது. அடிக்கக் கை ஓங்குகிற தகப்பனார், தமக்கு எத்தனை வயதில் நின்றது என்று முதலில் தம் தாயாரைக் கேட்டுப் பார்க்கட்டும். பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை. தூக்கத்தில் அதற்குத் தெரிவதே இல்லை. ஊரார் பார்க்க மெத்தையைத் திண்ணையில் போட்டு அவமானப்படுத்துவதால் பயம்தான் கூடும். பகலில் தாராளமாகத் தண்ணீர் கொடுத்து, பொழுது சாய்ந்த பிறகு குறைத்து, படுக்குமுன் ஒரு தரம் போய்வரச் செய்யுங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதைச் சரிசெய்யுங்கள்; அதனாலேயே நின்றுபோன பிள்ளைகள் உண்டு. மெத்தைமேல் ரப்பர் ஷீட்டை இறுக்கமாக மடித்துச் செருகி அதன்மேல் துணி விரிக்கலாம். யூரியா மூட்டைச் சாக்கைக் கழுவி விரிக்கிறார்கள், அது வேண்டாம்.

ஆறு மாதமாவது நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி நனைக்கத் தொடங்கினால் அது வேறு. தாகமும் மெலிவும் சேர்ந்திருந்தால் சர்க்கரை நோயாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். எரிச்சல் இருந்தால் மூத்திரத் தொற்று. யாரைப் பார்த்தாவது பயந்திருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டும் பாருங்கள்.

இனிக் காய வைப்பது. காலை பத்து மணிக்கு மேல் மெத்தையைச் சுவரோரம் நிறுத்தி வையுங்கள். தரையில் படுக்கப் போட்டால் அடிப்பக்கம் காயாது. உச்சிப் பொழுதில் திருப்பி, பிரம்பால் தட்டி, மூன்று மணிக்குள் எடுத்துவிடுங்கள். மூட்டைப்பூச்சி இருந்தால் தையல் ஓரங்களில் தெரியும். அதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வெயில் கிடைக்காது. மின்விசிறிக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டு அதன்மேல் வையுங்கள். காய்ந்துவிட்டதா என்பதை மேல்துணியைத் தடவி முடிவு செய்யாதீர்கள். கறை இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து முழுப் பலத்தோடு அழுத்தி, சிறிது நேரம் அப்படியே வைத்திருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இன்னும் ஒரு நாள் போடுங்கள்.