எம்சி வேறு, டைம் சிட் வேறு: சிங்கப்பூரில் டாக்டரிடம் போன நாளுக்குச் சம்பளம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் ஊர்க்காரத் தம்பி ஒருவரைப் பார்த்தேன். கட்டுமான வேலை. முதுகுவலிக்காக மருத்துவமனையில் அப்பாயின்ட்மென்ட் இருந்திருக்கிறது. காலையில் போனவர் மதியம் டோமிட்டரிக்குத் திரும்பிவிட்டார். அதற்குமேல் சைட்டுக்குப் போக லாரி ஏது? சம்பளத்தில் ஒரு நாள் பிடித்துவிட்டார்கள். "அண்ணே, ஆஸ்பத்திரி பேப்பர் குடுத்தேனே, அப்புறமும் பிடிக்கலாமா?" என்றார். எந்தப் பேப்பர்னு கேட்டேன். போனில் படத்தைக் காட்டினார். அது எம்சி இல்லை, டைம் சிட்.

நிறைய பேர் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். எம்சி என்பது "இவர் இத்தனை நாள் வேலை செய்யும் நிலையில் இல்லை" என்று டாக்டர் சான்று சொல்வது. டைம் சிட் "இந்த நேரத்தில் இவர் இங்கே இருந்தார்" என்று மட்டும் சொல்லும். வேலைச் சட்டம் சம்பளத்தோடு விடுப்பு தருவது முதலாவதுக்குத்தான். வெறும் அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போன நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்பது உங்கள் ஒப்பந்தத்தையும் கம்பெனி வழக்கத்தையும் பொறுத்தது. ஒன்றும் எழுதவில்லை என்றால் ஆண்டு விடுப்பில் ஒரு நாள் கழியும், அல்லது சம்பளம் போகும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் நிலைமை இதுதான்.

எம்சி கையில் இருந்தால் கதை மாறும். வேலையில் சேர்ந்து 3 மாதம் ஆனதும் உரிமை தொடங்குகிறது: வருஷத்துக்கு 5 நாள் சாதாரண நோய் விடுப்பு, மருத்துவமனையில் சேர்ந்தால் 15 நாள். பிறகு மாதாமாதம் ஏறி, 6 மாதம் முடிந்ததும் 14 நாளும் 60 நாளுமாக நிற்கும். அந்த 60-க்குள் 14 அடக்கம். வொர்க் பெர்மிட்காரருக்கும் இதே கணக்குதான். வீட்டுப் பணிப்பெண்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள். அவர்களுடைய மருத்துவச் செலவு முதலாளி பொறுப்பு என்பது பெர்மிட் நிபந்தனையில் இருக்கிறது.

கம்பெனி டாக்டரிடம்தான் போகணும்னு சூப்பர்வைசர் சொன்னால்? 2019 ஏப்ரல் முதல், பதிவு பெற்ற எந்த டாக்டர் தந்த எம்சியும் விடுப்புக்குச் செல்லும். டாக்டர் ஃபீஸைத் திருப்பிக் கேட்பதற்குத்தான் கம்பெனி டாக்டரோ அரசு மருத்துவமனையோ தேவை. இன்னொன்று: விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் சொல்லாமல் லீவு போட்டதாக ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் எம்சி படத்தை அனுப்பி, அந்தச் செய்தியை அழிக்காமல் வையுங்கள்.

தம்பியிடம் கடைசியாகத்தான் கேட்டேன், வலி எப்படி வந்ததுன்னு. "சைட்ல கம்பி தூக்கும்போது சட்டுன்னு பிடிச்சுக்கிச்சுண்ணே." இதை முதலில் சொல்லியிருந்தால் அரை மணி நேரப் பேச்சு மிச்சம்! வேலையில் அடிபட்டால் அது வேறு சட்டம், வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம். அங்கே 3 மாதம் காத்திருக்க வேண்டியதில்லை, முதல் நாளே பொருந்தும். எம்சி நாட்களுக்கு முதல் 14 நாள் வரை (மருத்துவமனை என்றால் 60 நாள் வரை) முழுச் சம்பளம், அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு, விபத்திலிருந்து ஓராண்டு வரை. 2020 செப்டம்பர் முதல் டாக்டர் எழுதும் 'லைட் டூட்டி' நாட்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். வேலையில் பட்ட காயத்துக்கு ஒரு நாள் எம்சி கிடைத்தாலும் முதலாளி அதை மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

லைட் டூட்டி பற்றி ஒரு வார்த்தை. 2011-ல் ஒரு கட்டுமானத் தொழிலாளிக்குக் கை எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர் தந்தது இரண்டே நாள் விடுப்பு, பிறகு லைட் டூட்டி. 2016-ல் உயர்நீதிமன்றம் அந்த டாக்டரை 6 மாதம் இடைநீக்கம் செய்தது. அந்த மாதிரி எழுதுவதற்கு முன், சைட்டில் உண்மையிலேயே லேசான வேலை இருக்கிறதா, ஓய்வெடுக்க வழி இருக்கிறதா என்று டாக்டர் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் அங்கே விஷயம்.

ஆனால் நாம் சொன்னால்தானே டாக்டருக்குத் தெரியும்? தம்பி அந்த அறையில் "பேக் பெயின்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கம்பியைப் பற்றியும் பேசவில்லை, லாரியின் பின்னால் உட்கார்ந்து போவதைப் பற்றியும் பேசவில்லை. அடுத்த முறைக்காக நாலு வரி தமிழில் எழுதிக் கொடுத்தேன்: என்று, எங்கே, எதைத் தூக்கும்போது, தினமும் என்ன வேலை. அவர் ரூமில் இருக்கும் ஒருவர் அதை ஆங்கிலத்தில் மாற்றித் தருகிறாராம். கம்பெனிக்கும் அதையே செய்தியாக அனுப்பச் சொன்னேன். காயத்துக்கான கோரிக்கையை விபத்து நடந்து ஓராண்டுக்குள் வைக்கலாம். அவருக்கு இன்னும் 7 மாதம் இருக்கிறது.